சிந்தினாலும் தானே உண்ணட்டும்



மதிய உணவு வேளையில் நம் வீடுகள் பலவற்றிலே நடைபெறும் ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ஒன்றேகால் வயதுப் பிள்ளை தடுக்கில் இருக்கிறது. தாய் சோறும் பருப்பும் பிசைந்து வைத்திருக்கிறாள். முதல் வாயைப் பிள்ளை வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது வாய்க்கு முகத்தைத் திருப்பிவிட்டுக் கோப்பைக்குள் தன் கையை விடுகிறது. ஒரு பிடி அள்ளுகிறது. அதிலே கால்வாசி வாய்க்குள் போகிறது. மீதி கன்னத்திலும் நெஞ்சிலும் நிலத்திலும் விழுகிறது. குசினிக்குள் இருந்து அம்மம்மாவின் குரல் கேட்கிறது: "பிள்ளை, உதென்ன வேலை? சோத்தைக் கொட்டி விளையாட விட்டிட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறாய். கோப்பையை வாங்கிப்போட்டு நீ தீத்திவிடு." தாய் கோப்பையைப் பறிக்கிறாள். பிள்ளை வீரிட்டு அழுகிறது. அதன் பின்னர் அந்தச் சாப்பாடு அரைமணி நேரப் போராட்டமாகிறது.

இந்த மூவரில் யாரைக் குறை சொல்வது? அம்மம்மாவுக்குச் சோற்றின் அருமை தெரியும். தாய்க்குப் பிள்ளையின் வயிறு நிறையவேண்டுமே என்ற கவலை. முடிக்கவேண்டிய வேலைகளும் கிடக்கின்றன. பிள்ளைக்கோ தானே செய்யவேண்டும் என்ற ஆவல். மூன்றும் நல்லவையே. இம்மூன்றையும் ஒரே பாயில் இருத்துவது எப்படி என்பதே இன்று நாம் படிக்கவிருக்கும் பாடம்.

கை நீட்டுவது குறும்பல்ல

பிள்ளை கோப்பைக்குள் கை விடுவதை நாம் குறும்பு என்கிறோம். உண்மையில் அது ஒரு படிப்பு. ஒரு பிடி சோற்றை வாய்க்குக் கொண்டு போவதற்குக் கண் பார்க்கவேண்டும், விரல்கள் அளவாக இறுகவேண்டும், மணிக்கட்டுத் திரும்பவேண்டும், உதடு மூடவேண்டும், நாக்கு உணவை உருட்டவேண்டும். இவையெல்லாம் ஒன்றோடொன்று இசைய மாதக்கணக்காகும். நடை பழகும் பிள்ளை விழாமல் நடை பழகுவதில்லை. உண்ணப் பழகும் பிள்ளையும் சிந்தாமல் உண்ணப் பழகுவதில்லை.

மரியா மொந்தெசோரி அம்மையார் நமது திருச்சபையின் பிள்ளை; இத்தாலி நாட்டவர்; வைத்தியர். 1907ஆம் ஆண்டிலே உரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் சிறுவர் இல்லமொன்றைத் தொடங்கினார். அவரது முறையைப் பின்பற்றிய சிறுவர் இல்லங்களிலே சின்னஞ்சிறு பிள்ளைகளே மேசையை ஒழுங்கு செய்து, சூப்பைப் பரிமாறி, உண்டு முடித்தார்கள். 1944இல் அவர் நமது தீவுக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பிள்ளையால் செய்யக்கூடியதை நாம் செய்து கொடுத்தால் அது உதவியல்ல, வளர்ச்சிக்குத் தடை என்பதே அவர் கற்பித்தவற்றின் சாரம்.

வேறொரு காரியமும் உண்டு. தன் வயிறு எப்போது பசிக்கிறது, எப்போது நிறைந்தது என்பதை அறியும் அறிவைப் பிள்ளை பிறக்கும்போதே கொண்டு வருகிறது. பால் போதுமானால் முலையை விட்டுத் தலையைத் திருப்புகிறதல்லவா? அந்த அறிவை நாம் கெடுத்துவிடக் கூடாது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான பிள்ளைகளின் உணவு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலும், பிள்ளையின் பசிக் குறிப்பையும் நிறைவுக் குறிப்பையும் கவனித்து உணவு கொடுக்கவேண்டும் என்றும், தானே உண்ண அதற்கு இடமளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

"முந்தி நல்லாய்ச் சாப்பிட்ட பிள்ளை, இப்ப ஒண்டும் தொடுகுதில்லை" என்று ஒரு வயது கடந்ததும் தாய்மார் கலங்குவதுண்டு. பிறந்தபோது இருந்த நிறை முதல் ஆண்டில் ஏறக்குறைய மும்மடங்காகிறது. இரண்டாம் ஆண்டிலோ கூடுவது 2 அல்லது 3 கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் சற்றுக் குறைவது இயல்பு. மருத்துவமாது தந்த பதிவேட்டில் நிறைக்கோடு ஒழுங்காக ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறுமானால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இதை அறியாதபோது பிள்ளையைத் துரத்தித் துரத்தித் தீத்துகிறோம். காகத்தைக் காட்டித் தீத்திய காலம் போய், இன்று கைத்தொலைபேசியைக் காட்டித் தீத்துகிறோம். படத்தைப் பார்த்தபடி வாயைத் திறக்கும் பிள்ளை தான் உண்பது இன்னதென்று அறிவதில்லை. வயிறு நிறைந்ததையும் அறிவதில்லை. நிலம் துப்புரவாக இருக்கலாம். ஆனால் பிள்ளை எதையும் பழகவில்லை.

வயதும் கையும்

ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதன் பின்னர் தாய்ப்பாலோடு பிற உணவும் வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு அப்பாலும் தொடரலாம்.

ஏழெட்டு மாதத்தில் பிள்ளை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கும். ஆகவே அதன் கைப்பிடிக்கு வெளியே நீட்டி நிற்கக்கூடியதாக, விரல் நீளத்தில் நன்கு அவித்த பூசணித் துண்டோ வற்றாளங்கிழங்குத் துண்டோ கொடுக்கலாம்.

ஒன்பது, பத்து மாதத்தில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளியெடுக்கப் பழகும். அவித்த பயறு, நசித்த பருக்கை, முள்ளகற்றி உதிர்த்த மீன் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கும் பருவம் இதுவே.

ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையிலே கரண்டியைக் கேட்டுப் பிடிக்கும். ஆனால் வாய்க்குப் போகுமுன் அதைக் கவிழ்த்துவிடும். ஒன்றரை வயதளவில் மூடியில்லாத பேணியில் குடிக்கும், சற்றே சிந்தும். இரண்டு வயதளவில் கரண்டியால் ஓரளவு நன்றாகவே உண்ணும்.

பிள்ளைக்குப் பிள்ளை இது முன்பின்னாகலாம். நம்மவர் கையால் உண்பவர்கள். ஆதலால் கரண்டிக்கு அவசரப்படவேண்டிய தேவை நமக்கு இல்லை. எந்தக் கை என்ற சண்டையும் இந்த வயதில் வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையிலேயே கைப்பழக்கம் நிலைபெறுகிறது. இடக்கையில் அடித்துத் திருத்துவது உணவு வேளையைப் பயத்துக்குரிய வேளையாக்கும்.

சிந்துவதைக் குறைக்கும் எட்டு வழிகள்

1. கொஞ்சமாக வையுங்கள். எட்டு வழிகளிலும் இதுவே தலையானது. கோப்பையில் இருப்பதைத்தான் பிள்ளை கொட்ட முடியும். இரண்டு மேசைக்கரண்டி அளவு சோறு வையுங்கள். முடிந்ததும் மீண்டும் இரண்டு வையுங்கள். மீதி உங்கள் பக்கத்தில், பிள்ளையின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

2. ஒட்டும் பதத்தில் குழையுங்கள். தண்ணீராக ஓடும் சொதிச் சோறு விரலிடுக்கால் வழிந்துவிடும். உதிர்ந்த சோறு சிதறும். குத்தரிசிச் சோற்றைப் பருப்பு, பூசணிக்காய், உதிர்த்த மீன் ஆகியவற்றோடு கெட்டியாகக் குழைத்தால் கையில் நிற்கும். புட்டைக் கதலி வாழைப்பழத்தோடு பிசைந்தால் உருண்டையாகும். இடியப்பத்தைச் சிறிதாகப் பிய்த்துத் தடித்த பருப்புக் கறியில் நனையுங்கள். தோசையையும் முட்டைப் பொரியலையும் நீளக் கீற்றாக வெட்டிக் கையில் கொடுங்கள்.

3. குழையல் சோற்றை நினைவுகூருங்கள். சட்டியில் மிஞ்சிய சோறு கறிகளை அம்மம்மா ஒன்றாகக் குழைத்து, சுற்றியிருந்த பிள்ளைகளின் உள்ளங்கையில் உருண்டை உருண்டையாக வைத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதுவே நல்ல முறை. பெரியவர் உருட்டித் தருகிறார். பிள்ளை தன் கையால் உண்கிறது. உறைப்புச் சேர்க்குமுன் பிள்ளையின் பங்கை வேறாக எடுத்து, அதன் வாய்க்கு அளவான மென்மையான சிறு உருண்டைகளாக்கி அதன் கையில் வைக்கச் சொல்லி அம்மம்மாவிடமே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். கண்டனம் சொன்ன குரலே அன்றிலிருந்து துணைக்கு வரும்.

4. இடம் ஒன்றாக இருக்கட்டும். நாளும் ஒரே இடத்தில், முதுகு நிமிர்ந்து, கால் ஊன்றி இருக்கச் செய்யுங்கள். தரையிலானால் பழைய படுக்கைவிரிப்பையோ கழுவக்கூடிய பிளாஸ்டிக் பாயையோ கீழே விரியுங்கள். கதிரையிலானால் பாதம் தாங்க ஒரு பலகை வையுங்கள். கால் தொங்கினால் உடல் ஆடும். உடல் ஆடினால் கையும் ஆடும். நடந்து திரியும் பிள்ளைக்குப் பின்னே உணவு நடக்கக்கூடாது.

5. பாத்திரம் கனமாக இருக்கட்டும். அடி பரந்து, விளிம்பு நேராக நிமிர்ந்த எவர்சில்வர் கிண்ணம் நல்லது. தட்டையான பீங்கானில் பிள்ளை தள்ளும் சோறு வெளியே போய்விடும். நிமிர்ந்த விளிம்பிலோ சோறு மோதிக் கைக்கு வரும். கரண்டி கேட்டால் இரண்டு கரண்டி வையுங்கள்: ஒன்று பிள்ளையின் கைக்கு, மற்றது உங்களுக்கு. பிள்ளை மூன்று வாய் தானே முயன்றால் நடுவே நீங்கள் ஒரு வாய் கொடுக்கலாம்.

6. பேணியில் ஒரு மிடறு மட்டும் ஊற்றுங்கள். சிந்தினாலும் அந்த ஒரு மிடறே சிந்தும். சூப்பிப் போத்தலுக்குத் திரும்பவேண்டாம். அதைத் துப்புரவாக வைத்திருப்பது கடினம். வயிற்றோட்டத்துக்கும் வழி வைக்கும்.

7. உடுப்பை முன்னரே கழற்றுங்கள். நமது வெப்பத்தில் பிள்ளைக்கு மேற்சட்டை தேவையில்லை. உண்டு முடிந்ததும் வாளித் தண்ணீரில் கழுவிவிட்டால் வேலை முடிந்தது. உண்பதற்கு முன் பிள்ளையின் கையையும் உங்கள் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவ மறவாதீர்கள். ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைத் துடைப்பதை விட்டுவிடுங்கள். அது பிள்ளைக்கு எரிச்சலூட்டும். இறுதியில் ஒருமுறை துடைத்தாற் போதும்.

8. எறியத் தொடங்கினால் அமைதியாக முடியுங்கள். பசித்த பிள்ளை உண்ணும். பசி ஆறிய பிள்ளையே பெரும்பாலும் எறியும். "சோறு சாப்பிடுறதுக்கு, எறியிறதுக்கு இல்லை" என்று ஒருமுறை சொல்லுங்கள். மீண்டும் எறிந்தால், "போதும் போல, முடிப்பம்" என்று சொல்லிக் கோப்பையை எடுங்கள். கோபமும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். இரண்டும் மறுநாளும் எறியத் தூண்டும். இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் ஒரு வேளை உணவை இழுக்கவேண்டாம். அடுத்த வேளை வரும்.

அடுத்த வேளை வரும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்பது மாதம் முதல் ஒரு வயது வரை, வேளைக்கு 250 மில்லிலீற்றர் கோப்பையில் அரைக் கோப்பை அளவும், ஒரு வயது முதல் இரண்டு வயது வரை முக்கால் கோப்பை முதல் முழுக் கோப்பை அளவும் பொதுவாகப் போதுமானவை. நாளுக்கு மூன்று நான்கு வேளை உணவும், இடையில் ஒன்றிரண்டு முறை பழமோ அவித்த கிழங்கோ கொடுக்கலாம். முட்டை, மீன், இறைச்சி இவற்றில் ஒன்று இயன்றவரை நாள்தோறும் சேரட்டும். புதிய உணவொன்றைப் பிள்ளை துப்பினால் அதைத் தள்ளிவிடாதீர்கள். பத்து முறை வரை முன்னே வைத்தபின் விரும்பி உண்ணும் பிள்ளைகள் பலர்.

கவனிக்க வேண்டிய ஆபத்து

தானே உண்ணும் பிள்ளையைத் தனியே விட்டுச் செல்லவே கூடாது. ஐந்து வயது வரை முழுக் கச்சான், கடலை கொடுக்கவேண்டாம். கடின மிட்டாய், பச்சைக் கரட், சோளப்பொரி, கொட்டையோடு றம்புட்டான் ஆகியவையும் சிறு பிள்ளைக்கு ஆகாதவை. முந்திரிகைப் பழத்தை நீளவாக்கில் நான்காகப் பிளந்தே கொடுங்கள். மீனை உங்கள் விரலால் தடவி முள் இல்லையென்று உறுதி செய்யுங்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கக்கூடாது. உப்பும் சீனியும் சேர்க்கத் தேவையில்லை.

பழகும் பிள்ளை சிலவேளை ஓங்காளிக்கும், இருமும். சத்தம் வருகிறதென்றால் மூச்சு வருகிறது. அருகில் இருந்து பாருங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். சத்தமே இன்றி, இருமவும் அழவும் முடியாமல் முகம் நீலமானால் அது ஆபத்து. உடனே பிள்ளையைத் தலை தாழ முன்னே சாய்த்து, இரு தோட்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். அருகில் உள்ளவர் 1990 என்ற இலக்கத்துக்கு அம்புலன்சை அழைக்கட்டும். அடைப்பு விலகாவிட்டால் அடுத்துச் செய்யவேண்டியது பிள்ளையின் வயதைப் பொறுத்து வேறுபடும். அதை மருத்துவமாதிடமோ வைத்தியரிடமோ நேரில் கேட்டு முன்னரே பழகி வையுங்கள். இரண்டு வயதாகியும் கையை வாய்க்குக் கொண்டுபோக இயலாத பிள்ளையையும், உண்ணும்போதெல்லாம் புரைக்கேறும் பிள்ளையையும், நிறை ஏறாத பிள்ளையையும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

"சோறு வீணாகுதே!"

இனி அம்மம்மாவின் கவலைக்கு வருவோம். அதை நாம் இலேசாக எண்ணக்கூடாது. கூப்பன் அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற தலைமுறை அது. 1995இன் இடப்பெயர்விலே பானையைத் தலையில் சுமந்து நடந்தவர்களும், 2009இல் வன்னியிலே ஒரு நேரக் கஞ்சிக்காகக் காத்து நின்றவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியிலே, தாம் உண்ணாமல் பிள்ளைக்கு வைத்த தாய்மாரும் இருக்கிறார்கள். நிலத்தில் கிடக்கும் பருக்கையைக் கண்டு அவர்கள் நெஞ்சு பதறுவதில் வியப்பில்லை. அந்தப் பதற்றம் நமது பிள்ளைகளுக்கு வேண்டிய ஒரு மரியாதையைத் தன்னுள் வைத்திருக்கிறது.

அந்த மரியாதையைக் கற்பிப்பது எப்போது? யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு சிறுவனிடம் இருந்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஆண்டவர் மக்கள் திரளுக்கு உணவளித்தார். வேண்டிய மட்டும் அவர்கள் உண்டார்கள். அதன் பின்னரே, எதுவும் வீணாகாதபடி மிஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி சீடரிடம் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. உண்ணும்போதே, "சிந்தாதே" என்று அவர் எவரையும் அதட்டியதாக அங்கே நாம் காண்பதில்லை. முதலில் நிறைவு, பின்னர் சேகரிப்பு.

நமது வீட்டிலும் அவ்வாறே செய்யலாம். உண்டு முடிந்ததும் பிள்ளையோடு சேர்ந்து நிலத்தில் விழுந்ததைப் பொறுக்குங்கள். "வா குஞ்சு, இதைக் கோழிக்குப் போடுவம்" என்று அதன் கையாலேயே போடச் செய்யுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை ஈரத்துணியால் தன் இடத்தைத் துடைக்க ஆசையோடு வரும். நன்றாகத் துடையாது, ஆனால், தான் சிந்தியதற்குத் தானே பொறுப்பு என்பதை அறியும். சோற்றின் அருமையை அடியாலும் ஏச்சாலும் கற்ற பிள்ளை ஏசுவார் இல்லாத இடத்திலே கொட்டும். பொறுக்கிப் பழகிய பிள்ளை கொட்ட மனம் கொள்ளாது.

குனிந்து ஊட்டும் கை

இறைவாக்கினர் ஓசேயாவின் நூல், பதினோராம் அதிகாரத்தில், இறைவன் தம் மக்களை வளர்த்த விதத்தைப் பெற்றோரின் செயலாக வருணிக்கிறது. அவர் கையைப் பிடித்து நடை பழக்குகிறார், அன்பின் கட்டுகளால் இழுக்கிறார், குனிந்து உணவூட்டுகிறார். அங்கே ஊட்டுவதும் உண்டு, நடக்க விடுவதும் உண்டு. பிள்ளை என்றும் தம் இடுப்பிலேயே இருக்கவேண்டும் என்று அவர் விரும்பவில்லை.

தாய் தீத்தும் ஒரு வாய்ச் சோற்றின் இனிமையை நாம் யாரும் மறுக்கவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குத் தீத்துங்கள். களைத்து வந்த பிள்ளைக்குத் தீத்துங்கள். ஆனால் நம் அவசரத்துக்காகவும், நம் நிலம் துப்புரவாக இருப்பதற்காகவும், பிள்ளையின் கையைக் கட்டிவைத்துத் தீத்தாதீர்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட "அன்பின் மகிழ்ச்சி" என்னும் மடலில், பிள்ளையின் ஒவ்வொரு அசைவையும் கட்டுப்படுத்த முயல்வது வளர்ப்பு ஆகாது என்றும், பிள்ளை உண்மையான சுதந்திரத்தில் முதிர்ச்சியடையத் துணைபுரிவதே வளர்ப்பு என்றும் விளக்குகிறார். அந்தச் சுதந்திரத்தின் முதற்பாடம் சோற்றுக் கோப்பையில் தொடங்குகிறது.

தந்தையரே, இது தாயின் வேலை மட்டுமன்று. நாளுக்கு ஒருவேளையாவது நீங்களும் அதே பாயில் இருந்து உண்ணுங்கள். பிள்ளை உங்கள் விரல்களைப் பார்த்தே பிசையவும் உருட்டவும் கற்கிறது. உண்ணுமுன் சிலுவை அடையாளம் வரைந்து செபியுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளையும் நெற்றியையோ மூக்கையோ தொட்டு உங்களைப் பின்பற்றப் பார்க்கும். சோற்றை வாய்க்குக் கொண்டுபோகப் பழகும் அதே கைதான் அதையும் பழகுகிறது. இரண்டும் முதலில் ஒழுங்காக வருவதில்லை. இரண்டுக்கும் பொறுமை வேண்டும்.

இவ்வார நடைமுறை

நாளுக்கு ஒருவேளை, அவசரமில்லாத வேளையாகப் பார்த்து, பிள்ளையைத் தன் கையால் உண்ண விடுங்கள். இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் ஒரே தடவையில் வையாதீர்கள். தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள். ஏழு நாளும் தவறாது செய்தபின், முதல் நாள் சிந்தியதையும் ஏழாம் நாள் சிந்தியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய மாற்றம் இல்லாவிட்டாலும் சோர்ந்துபோகாது தொடருங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நமது பிள்ளை தானே செய்ய விரும்பும் எதை, நமது அவசரத்துக்காக நாம் பறித்துச் செய்கிறோம்?

2. உணவு வேளையில் நம் வீட்டிலே அதிகம் கேட்கும் குரல் எது: ஏச்சா, தொலைபேசியின் சத்தமா, உரையாடலா?

3. பசியறிந்த நம் மூத்தோரின் அனுபவத்தைப் பிள்ளைகளுக்குப் பயமுறுத்தலாக அன்றி, நன்றியுணர்வாகக் கொடுப்பது எப்படி?

செபிப்போம்

ஆண்டவரே, எங்களுக்கு அன்றாட உணவைத் தருகிறவர் நீரே. நாங்கள் தடுமாறி விழுந்த வேளைகளிலெல்லாம் எங்கள் கையை விட்டுவிடாது பொறுத்தீர். எங்கள் பிள்ளைகளின் சின்னக் கைகள் தடுமாறும்போது நாங்களும் பொறுத்திருக்க வரம் தாரும். எங்கள் வீட்டில் உணவு வீணாகாதிருக்கவும், எந்த வீட்டிலும் ஒரு பிள்ளையேனும் பசியோடு உறங்காதிருக்கவும் அருள்புரியும். ஆமென்.